காலி வண்டிக் குற்றம்

எங்கள் நகர வாகன ஆணையர் ஒரு நாள் காலை, அலுவலக வாசலில் தமது காரிலிருந்து இறங்க முடியாமல் இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் ஒரு பிக்கப் வண்டி, வலப்பக்கம் ஒரு பிக்கப் வண்டி. இரண்டும் வெள்ளைக் கோட்டுக்குள் அடங்காமல் புடைத்துக்கொண்டு நின்றன. காரின் கதவு ஒரு சாண் திறந்தது. ஆணையர் ஒரு சாணுக்குள் அடங்குகிற ஆள் அல்ல. கடைசியில் காவலாளி காரின் பின்கதவைத் தூக்கி, பெட்டி வைக்கிற இடத்தின் வழியாக அவரை மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று. மற்றபடி சேதமில்லை.

பெரிய பெரிய விதிகளெல்லாம் எப்படிப் பிறக்கின்றன என்று படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுமை உறுதிச் சான்றிதழ் விதி இப்படித்தான் பிறந்தது. அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிற நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அறைக்கு வந்து தண்ணீர் குடித்ததும் ஆணையர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த வண்டிங்க யாரோடது?”

“இடது பக்கம் நிக்கிறது பல் டாக்டரோடது சார். லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருக்கார்.”

“பல் டாக்டருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வண்டி? புடுங்கின பல்ல ஏத்திட்டுப் போறாரா?”

“தெரியல சார்.”

“வலது பக்கம் நின்னது?”

“விசாரிக்கிறேன் சார்” என்றேன். விசாரிக்க ஒன்றுமில்லை. அது என்னுடையது.

நான் பிக்கப் வாங்கிய காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்கக் கூடாது. என் எதிர்வீட்டுக்காரர் முதலில் வாங்கினார். தினமும் காலையில் தெருமுனையில் அவர் வண்டியும் என் சின்னக் காரும் அருகருகே நிற்கும். அவர் மேலிருந்து குனிந்து சிரிப்பார். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு என் உச்சந்தலைதான் தெரியும் என்று ஒரு நாள் உறைத்தது. எனக்கு உச்சியில் முடி கொட்டிப் போய் நான்கு வருடமாகிறது. அடுத்த மாதமே காரைத் தள்ளிவிட்டு அவருடையதைவிட நான்கு விரற்கடை உயரமான பிக்கப் ஒன்றை வாங்கினேன். இப்போது அவருக்கும் முடி கொட்டுகிறது.

“அன்றாடப் பயன்பாட்டுக்குக் காரைத் தவிர்த்துப் பிக்கப் வாகனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்கள் குறித்த கள ஆய்வு” என்று தலைப்புக் கொடுத்து, கேள்வித்தாள் தயாரித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்து வரும்படி எனக்கு உத்தரவானது. கேள்வித்தாள் பதினாறு பக்கம். அதில் பதினைந்து பக்கம், பதினாறாவது பக்கத்தை எப்படி நிரப்புவது என்ற விளக்கம்.

முதலில் பல் டாக்டரைப் பார்த்தேன்.

“உயரமா உக்காந்து போனா எல்லாம் நல்லா தெரியுதுங்க” என்றார்.

“என்ன தெரியுது டாக்டர்?”

அவர் சற்று யோசித்தார். “மத்த பிக்கப் எல்லாம் தெரியுது.”

அடுத்து, வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிற டீச்சரம்மா. மாடியிலிருந்து கீழே இறங்கினால் அவர் வேலைக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு. வாசலில் நின்ற பிக்கப்பின் பின்பக்கத் தொட்டியில் ஒரு குடித்தனத்தையே ஏற்றலாம்.

“என்னிக்காவது வேணும்னு தோணிச்சின்னா?” என்றார்.

“எதுக்கு வேணும்?”

“அது அன்னிக்குத்தானே தெரியும்.”

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் மனம் விட்டுப் பேசினார். “சார், கார்ல போனா ‘எங்க ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்க’ன்னு கேக்கறாங்க. பிக்கப்ல போனா அதே ஆளுங்க ‘என்ன, வேலை பலமா’ன்னு கேக்கறாங்க. நான் போறது ரெண்டுலயும் டீக்கடைக்குத்தான்.”

இப்படியே முந்நூற்றுப் பதினோரு பேர். உயரம், மதிப்பு, மச்சான் வாங்கினான், மச்சான் வாங்குவதற்குள் வாங்கினேன், கலர் பிடித்தது. எல்லாவற்றுக்கும் கேள்வித்தாளில் கட்டம் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் என் அக்காவின் வீட்டுக்காரர். தச்சர். அலமாரி செய்கிறவர். மாமா இழைத்த பலகையில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம், சிராய் குத்தாது.

“எதுக்கு மாமா பிக்கப் வச்சிருக்கீங்க?” என்று விதிப்படி கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கேள்வி அப்படித்தான் மாமா இருக்கு.”

“அலமாரி ஏத்தறதுக்குடா.”

தேடிப் பார்த்தேன். சாமான் ஏற்றுவதற்கு என்று கேள்வித்தாளில் கட்டம் இல்லை. “மற்றவை” என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.

அறிக்கையைப் படித்த ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்தார்.

“சாமான் ஏத்தறதுக்குன்னு சொன்னது ஒரே ஒருத்தர்தானா?”

“ஆமாம் சார்.”

“அப்போ முந்நூத்திப் பதினோரு பேர் வண்டிய வீணா ஓட்டறாங்க. சும்மா விடக் கூடாது. எல்லாரையும் சாமான் ஏத்த வைக்கணும்.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்ததை யாரும் மறுக்க முடியாது. ஒரே வாரத்தில் விதி வந்தது. பிக்கப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சுமை உறுதிச் சான்றிதழ் பெற வேண்டும். தொட்டியில் சுமை இருக்க வேண்டும். சோதனையில் மூன்று முறை காலியாகப் பிடிபட்டால் அந்த வண்டி உரிமையாளருக்குத் தேவையற்றது என்று கொள்ளப்பட்டு, அலுவலகத்தால் எடுத்துக்கொள்ளப்படும். சோதனை இடம் ஆற்றுப்பாலத்தின் முனை. சோதனை நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஆறு. அந்த நேரத்தைக் குறித்தவன் நான். சோதனை அலுவலர்கள் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவார்கள், வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாமே என்ற நல்லெண்ணம்.

மக்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள்.

பல் டாக்டர் நோயாளிகள் சாயும் பழைய நாற்காலியைத் தொட்டியில் ஏற்றினார். டீச்சரம்மா ஆறு சிமென்ட் மூட்டை போட்டார். ஒரு மழையில் அது இறுகி, அவரே நினைத்தாலும் இறக்க முடியாதபடி வண்டியோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முதல் தரச் சான்றிதழ் கிடைத்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் உறை பிரிக்காத சோபா ஒன்றை வைத்தார். அதைப் பார்த்தவர்கள், வெறும் மூட்டை வைத்திருந்த தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டினார்கள். சுமைக்கென்றே கடைகள் திறந்தன. வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாக, உள்ளே காற்றடைத்த மரப்பெட்டிகள், தூக்கப் பார்த்தால் பூப்போல இருக்கும் பாறாங்கற்கள். கல்யாண வரவேற்புகளில் பெண்கள் புடவையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, “உங்க சுமை எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று விசாரித்தார்கள்.

நான் என்ன ஏற்றினேன் என்று கேட்பீர்கள். கள ஆய்வில் நிரப்பிய கேள்வித்தாள்கள் நான்கு சாக்கு இருந்தன. பதிவறையில் இடமில்லை என்று வராந்தாவில் கிடந்தன. அவற்றைத் தூக்கி என் தொட்டியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். மக்கள் எதற்காகப் பிக்கப் வாங்குகிறார்கள் என்பதற்கான அத்தனை காரணங்களும் என் வண்டியில் தினமும் அலுவலகத்துக்குப் போய் வந்தன. அரசுக் காகிதத்தை வெளியே எடுத்துப் போனால் வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கனம் சரியாக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் சிக்கிக்கொண்டது மாமா ஒருவர்தான்.

அவர் காலை ஒன்பதரைக்கு மரக்கடைக்குப் போவார். போகும்போது வண்டி காலி. பதினொரு மணிக்குப் பலகையோடு திரும்புவார். அப்போது பாலத்தில் சோதனை இல்லை. மத்தியானம் அலமாரி ஏற்றிக்கொண்டு போவார். அப்போதும் இல்லை. அதை இறக்கிவிட்டு ஐந்தரைக்குத் திரும்புவார். வண்டி காலி. ஒன்றரை நாளிலேயே மூன்று முறை பிடிபட்டுவிட்டார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஏன் மாமா, எல்லாரையும் மாதிரி ரெண்டு மண் மூட்டையப் போட்டு வைக்கலாம்ல?” என்றேன்.

“மூட்டை மேல அலமாரிய எப்படிடா படுக்க வைப்பேன்? ஆடிக்கிட்டே போகும். பாலிஷ் எல்லாம் போயிடும்.”

“அலமாரி ஏத்தும்போது மூட்டைய இறக்கிடுங்க.”

“இறக்கின மூட்டைய யார் வீட்ல வைக்க? வாங்கறவங்க அலமாரி கேட்டாங்களா, மண்ணு கேட்டாங்களா?”

அக்காவுக்குப் பொறுமை கிடையாது. “வண்டிய எடுத்துட்டாங்கன்னா இவரு வேலைக்கு என்னடா பண்ணுவாரு? அலமாரிய மடிச்சுப் பையில வச்சுக் குடுப்பாரா? நீ அந்த ஆபீஸ்லதானே குப்பை கொட்டற. விசாரணையில ஒரு வார்த்தை சொல்லு. இவரு நெசமாவே சாமான் ஏத்தறாரு, நான் கண்ணால பாத்திருக்கேன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“சொல்றேன்கா” என்றேன். அப்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆணையர் அறையில் நடந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். காதில் பென்சிலைச் செருகியபடியே வந்துவிட்டார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து மேசையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

“மூணு தடவையும் உங்க வண்டி காலியா இருந்திருக்கு” என்றார் ஆணையர்.

“இறக்கிட்டு வந்தேங்கய்யா.”

“எதை?”

“அலமாரிய.”

“ஏன் இறக்கினீங்க?”

“வாங்கினவங்க வீடு வந்துடுச்சுங்க.”

“இங்க பாருங்க. இந்த ஊர்ல ஆறாயிரம் பிக்கப் இருக்கு. ஒருத்தராவது இறக்கினாங்களா? ஒரு டீச்சரம்மா ரெண்டு மாசமா அதே சிமென்ட்டச் சுமந்துக்கிட்டு இருக்காங்க. பொம்பள. அவங்களுக்கு இருக்கிற உறுதி உங்களுக்கு இல்லையே.”

“ஏத்தறதே இறக்கறதுக்குத்தானேங்கய்யா.”

“அப்போ ஏத்தும்போதே இறக்கற எண்ணத்தோடதான் ஏத்தியிருக்கீங்க. எழுதிக்கப்பா, ஒத்துக்கிட்டார்.”

நான் எழுதிக்கொண்டேன்.

“இப்போ அந்த அலமாரியெல்லாம் எங்க?”

“அவங்கவங்க வீட்லங்க.”

“அப்படீன்னா சுமை இருக்கறது அவங்க வீட்ல. சான்றிதழ் குடுக்கணும்னா அந்த வீட்டுக்குத்தான் குடுக்கணும். உங்களுக்கு எப்படிக் குடுக்கறது?”

இது சட்டப்படி மிகச் சரியான வாதம். மாமா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகினார்.

“நீங்க சாமான் ஏத்தினதப் பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா?”

மாமா என் பக்கம் திரும்பினார். ஆணையரும் திரும்பினார்.

“இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று என்னைக் கேட்டார். “சாட்சி சொல்றதுன்னா விதி எட்டு ஞாபகம் இருக்குல்ல? சொல்றவர் சான்றிதழ் வாங்கின பிக்கப் வச்சிருக்கணும். அவரோட சுமைய இங்கயே பிரிச்சுப் பாப்போம்.”

விதி எட்டை எழுதியவனே நான்தான். பொய்ச்சாட்சிகள் பெருகிவிடக் கூடாது என்ற அக்கறையில் எழுதினேன். ஜன்னல் வழியாக என் வண்டி தெரிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே நான்கு சாக்கும் இருந்தன. சாக்கின் மேல் அலுவலக முத்திரையும் இருந்தது.

என் வீட்டில் இருக்கிற மூன்று அலமாரியும் மாமா செய்தவை. மூன்றையும் அவர் அந்த வண்டியில்தான் கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். இடது கை கட்டைவிரல் நசுங்கியது. அந்த நகத்தில் இன்னும் கறுப்பு இருக்கிறது.

“சொந்தக்காரர்தான் சார். ஆனா வேலை செய்றத நேர்ல பாத்ததில்ல” என்றேன்.

மாமா என் கட்டைவிரலைப் பார்த்தாரோ, நான் பிடித்திருந்த பேனாவைப் பார்த்தாரோ தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது. குறிப்பை முழுதும் எழுதி, படித்துக் காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

அந்த ஆண்டு அறிக்கையில் எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கிடைத்தது. “ஆறாயிரம் வாகனங்களில் தேவையின்றிப் பிக்கப் வைத்திருந்த ஒரே நபர் கண்டறியப்பட்டு, வாகனம் மீட்கப்பட்டது” என்று அதில் ஒரு வரி. மீட்கப்பட்ட வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, ஆணையர் தாமே முன்வந்து அதை அலுவலகப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். முதல் நாள் அதிலிருந்து இறங்கி வந்தவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

“உக்காந்து பாத்தாத்தான்யா தெரியுது. எல்லாம் எவ்வளவு நல்லா தெரியுது!”

ஆனால் விதி விதிதான். ஆணையரின் வண்டியும் காலியாகப் போகக் கூடாது. அந்தப் பதவிக்குத் தகுந்த சுமையாக என்ன வைக்கலாம் என்று ஒரு குழு கூடி யோசித்தது. மூட்டை மரியாதையாக இராது. சோபாவைப் பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தோன்றும். இரண்டு மாதம் கழித்து, நல்ல தேக்கு அலமாரி ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. வண்டி போனதிலிருந்து மாமாவுக்கு வேலை இல்லை. செய்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. பட்டறையில் பாதி செய்த அலமாரிகள் நின்றுகொண்டிருந்தன. அக்கா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இந்த வேலையையாவது மாமாவுக்கே வாங்கிக்கொடுப்போம் என்று மல்லுக்கட்டி, ஆணையில் அவர் பெயரைச் சேர்த்தேன். வழக்கமான நிபந்தனையும் அதில் இருந்தது: செய்பவர் தம் சொந்தப் பொறுப்பில் பொருளை அலுவலகத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மாமா இருபது நாளில் அலமாரியைச் செய்து முடித்தார். வெறுமனே வண்டியில் நிற்கப் போகிற சாமான்தானே என்று அவருக்குச் செய்யத் தெரியவில்லை. உள்ளே ஐந்து தட்டு, மூன்று இழுப்பறை, பூட்டு, கண்ணாடி எல்லாம் வைத்திருந்தார்.

பிறகு வண்டி தேடினார். ஆறாயிரம் பிக்கப்பில் ஒன்றுகூடக் காலி இல்லை. பல் டாக்டர் நல்லவர், நாற்காலியை இறக்கத்தான் பார்த்தார். சான்றிதழ் போய்விடும் என்று அவர் மனைவி தடுத்துவிட்டாள். டீச்சரம்மாவால் முடியாது. மாமா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கேட்காததே நல்லது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. எனக்கு முன்னால் ஐம்பது அறுபது பிக்கப், பின்னால் அதைவிட அதிகம். சோபாக்கள், பாறைகள், மூட்டைகள். எல்லாரும் சுமையோடு நின்றுகொண்டிருந்தோம். விபத்தோ என்று எட்டிப் பார்த்தேன். உயரமான வண்டி என்பதால் நன்றாகத் தெரிந்தது.

மாமாவும் மூன்று ஆட்களும் அந்தத் தேக்கு அலமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து, தோள் மாற்றி, மறுபடி தூக்கினார்கள். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் அக்கா, இழுப்பறை ஒன்றை இடுப்பில் இடுக்கி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் வைத்து வந்தாள்.

பக்கத்து வண்டியிலிருந்து பல் டாக்டர் தலையை நீட்டினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

“பாவம் சார், இவ்வளவு பெரிய சாமான இப்படி நடந்தா தூக்கிட்டுப் போவாங்க? இந்தக் காலத்துல ஒரு பிக்கப் வாங்கிக்கக் கூடாதா?”

“அதானே” என்றேன்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் அடித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தாள். தலையில் இழுப்பறை இருந்ததால் உடம்பு முழுதும் திரும்ப வேண்டியிருந்தது. வரிசையில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்த அவள் கண் என் வண்டியில் வந்து நின்றது.

அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அடித்தேன்.